ராத்திரி ஒரு மணிக்குப் படிக்கிற லேபிள்

ரீலில் சுற்றியிருந்த கேபிள் ஆரஞ்சு நிறம். எங்களுடையதும் ஆரஞ்சுதான். அதனால் பெட்டியைத் திறந்த முதல் அரை நிமிடம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முனையை இழுத்தபோதுதான் தெரிந்தது. உலோகக் கூடு போட்ட கனெக்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பிளாஸ்டிக் நெட்வொர்க் பின். எவரோ சிசிடிவி வேலைக்காரர் விட்டுப்போன ரீல் அது. எங்கள் ரீல் 30 கிலோமீட்டர் தள்ளி மதுரையில், முந்தின ராத்திரி ரிசப்ஷன் நடந்த மண்டபத்தின் மேடைப் படிக்கட்டுக்கு அடியில் கிடந்தது. நாங்கள் நின்றது மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், சாயங்காலம் நாலரை மணிக்கு. ஏழு மணிக்கு இன்னிசைக் கச்சேரி.

சவுண்டும் லைட்டும் வாடகைக்கு விடும் ஒரு சின்னக் கடையில் நான் வேலை பார்க்கிறேன். மதுரையில் இப்படிக் கடைகள் நிறைய. வைகாசி மாதம் முகூர்த்தமும் கோயில் திருவிழாவும் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஒரு இடத்தில் கழற்றி, வண்டியிலேயே தூங்கி, அடுத்த இடத்தில் கட்டுவோம். அன்று நடந்ததும் அதன் பிறகு நாங்கள் பெட்டி, கேபிள், லேபிள் எல்லாவற்றையும் கலைத்து மறுபடி அடுக்கியதும்தான் இங்கே எழுதுவது. வேறு கடைக்காரர்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

அந்த ஒரு கேபிளுக்கு ஏன் அவ்வளவு பதற்றம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் மேடையிலிருந்து மிக்சருக்குக் கட்டைவிரல் மொத்தத்துக்கு, பல ஒயர் அடங்கிய ஒரு மல்டிகோர் போகும். இப்போது மேடையில் மைக்குகளைச் செருகும் ஒரு ஸ்டேஜ் பாக்ஸ், எதிரே டிஜிட்டல் மிக்சர், இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு நெட்வொர்க் கேபிள். முப்பத்திரண்டு மைக்கும் அதற்குள்ளேதான் வருகின்றன. அந்தக் கேபிள் ஷீல்டு (ஒயர்களைச் சுற்றி ஒரு உலோக உறை) போட்டதாக இருக்க வேண்டும், அந்த ஷீல்டு இரண்டு முனையிலும் உலோகக் கூட்டோடு சேர்ந்திருக்க வேண்டும். வேறு வழியில்லாமல் சிசிடிவி ரீலையே செருகிப் பார்த்தோம். லிங்க் லைட் பச்சையாக எரிந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தோம். பந்தல்காரர் கார்பெட்டின் மேல் இரும்பு நாற்காலியை இழுத்தார், டப்பென்று ஒரு சத்தம், மொத்த ஆடியோவும் போய் இரண்டு நொடி கழித்து வந்தது. நிலைமின்சாரப் பொறி ஒன்று பட்டாலே போதும், ஷீல்டு இல்லாத கேபிளில் இப்படி ஆகும். கச்சேரி நடுவில் ஆனால் ஊரே எழுந்து நிற்கும்.

ஒரு பையனை பைக்கில் அனுப்பினோம். ஏழே முக்காலுக்கு ரீல் வந்தது. அதுவரை நாதஸ்வரத்தை இரண்டே மைக்கில் ஓட்டினோம். விழாக் கமிட்டிப் பெரியவர் ஒன்றும் திட்டவில்லை. “மைக் செட்டுன்னா சீக்கிரம் வரணும் தம்பி” என்று மட்டும் சொன்னார். நாங்கள் வந்தது மதியம் மூன்று மணிக்கு.

கட்டியவர் யார்

மறுநாள் குடோனில் ஓனர் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, “எவன்டா பேக் பண்ணுனது?” இந்தக் கேள்வியில் ஆரம்பித்தால் ஒருவன் திட்டு வாங்குவான், அடுத்த மாதம் இன்னொரு ரீல் காணாமல் போகும். நான் அதையே கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பார்த்தேன்: கட்டும்போது அவன் கண்ணில் என்ன பட்டிருக்கும்?

அன்று கட்டியவர்கள் நாலு பேர். இரண்டு பேர் லைட் பையன்கள். மற்ற இரண்டு பேர் லோடு ஏற்ற வந்தவர்கள், பீகார்க்காரர்கள். சவுண்ட் ஆளான நான் அடுத்த இடத்தில் பவர் பார்க்க முன்னாலேயே கிளம்பிவிட்டேன். மணி ஒன்று. மண்டபத்துக்காரர் ஹால் லைட்டைப் பாதி அணைத்துவிட்டார். பெட்டியின் மேல் ஆங்கிலத்தில் ‘அக்சஸரீஸ் 2’ என்று எழுதியிருந்தது. மூடிக்கு உள்பக்கம் நான் டைப் செய்து ஒட்டிய ஒரு லிஸ்ட், இருபத்தாறு வரி, அதுவும் ஆங்கிலம். அதில் பதினேழாவது வரியில் அந்த ரீல் இருந்தது.

அந்த லிஸ்ட்டை நான் யாருக்காக எழுதினேன்? எனக்காக. குடோனில், பகலில், டீ குடித்துக்கொண்டு. அதைப் படிக்க வேண்டியவருக்கு ஆங்கிலம் தெரியாது. இரண்டு பேருக்குத் தமிழும் தெரியாது. ஆரஞ்சு ரீல் ஒன்று கீழே கிடந்தது, எடுத்து உள்ளே வைத்தார்கள், பெட்டி நிறைந்தது, மூடினார்கள். அவர்கள் தரப்பில் ஒரு தப்பும் இல்லை.

எடுத்துக் கொடுக்கும்போது லேபிள் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம், தெரிந்த ஆள் பக்கத்தில் இருப்பார். திரும்பக் கட்டும்போதுதான் லேபிளுக்கு வேலை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு அந்த ஒரு ராத்திரி வேண்டியிருந்தது.

இதற்கு முன் ஒரு தடவை

நாங்கள் லேபிளே ஒட்டாத கடை இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு உற்சாகத்தில் கேபிள் நீளத்துக்கு ஒரு நிறம் என்று இன்சுலேஷன் டேப் சுற்றினோம். சிவப்பு பத்து மீட்டர், மஞ்சள் இருபது, நீலம் முப்பது. கடையில் அந்த நிறங்கள்தான் எப்போதும் கிடைக்கும்.

முதல் தொல்லை வெயில். சித்திரை மாதம் மூடிய வண்டியின் பின்பக்கம் என்ன சூடு இருக்கும் என்று மதுரைக்காரருக்குச் சொல்ல வேண்டாம். டேப்பின் பசை இளகி, டேப் நழுவி, கேபிள் பூராவும் கறுப்புப் பிசுக்கு. கையில் ஒட்டி, மைக்கில் ஒட்டி, பாடகியின் பட்டுப்புடவை வரைக்கும் போனது. அது தனிக் கதை.

இரண்டாவது தொல்லையை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்கும். ஜெனரேட்டரிலிருந்து பேனலுக்குப் போகும் சிங்கிள் கோர் கேபிள்களுக்கும் அதே டேப்பைச் சுற்றியிருந்தோம். நம் ஊரில் மூன்று பேஸுக்கு சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. அதைத்தான் எலக்ட்ரீஷியன் கண் தேடும். பத்து மீட்டர் என்பதற்காக நாங்கள் சிவப்பு சுற்றிய ஒரு கேபிள், மறுமுனையில் பேனலின் நியூட்ரலில் மாட்டப்பட்டிருந்தது. ஜெனரேட்டர் பக்கம் நின்ற எலக்ட்ரீஷியன் சிவப்பைப் பார்த்து ஆர் பேஸில், அதாவது சிவப்புப் பேஸில், முறுக்கப் போனார். முறுக்கியிருந்தால் மற்ற இரண்டு பேஸில் இருந்த எல்லாச் சாமானுக்கும் 230 வோல்ட்டுக்குப் பதில் 400 வோல்ட்டுக்கு மேல் போயிருக்கும். ஆம்ப், மிக்சர், எல்இடி வால் என்கிற பெரிய திரை எல்லாம் புகை. அவர் பழைய ஆள். டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்காமல் எதையும் முறுக்க மாட்டார், அதனால் பிழைத்தோம். “யாருப்பா இதுல செவப்பு சுத்துனது?” என்று கேட்டார். அன்றைக்கும் பேசாமல் நின்றவன் நான்தான்.

லேபிள் இல்லாத கேபிளைச் சந்தேகத்தோடு தொடுவார்கள். தப்பான லேபிள் உள்ளதை நம்பித் தொடுவார்கள். அன்றிலிருந்து பவர் கேபிளில் நிறம் என்றால் பேஸ் மட்டும்தான். சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, பச்சை ஐந்தும் வேறு எந்தக் கேபிளுக்கும் கிடையாது.

மார்கழி

மார்கழியில் கல்யாணம் இல்லை. டிசம்பர் 31 ராத்திரி நிகழ்ச்சி ஒன்றை விட்டால் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்கும் ஒரே மாதம் அது. குடோனைக் காலி செய்து, இருந்ததையெல்லாம் தரையில் பரப்பினோம். பரப்பிய பிறகுதான் நம்மிடம் என்ன இருக்கிறது என்றே தெரியும். ஒரு மூலையில் யாருக்கும் சொந்தமில்லாத அடாப்டர்கள், ஒரு முனை வெட்டிய கேபிள்கள், ‘ரிப்பேர்’ என்று எழுதி எந்த ரிப்பேர் என்று எழுதாத மைக்குகள். கேபிள் டெஸ்டரில் ஒவ்வொன்றாகப் போட்டோம். தேறாததைத் தனியே வைத்து, அன்றே பற்றவைத்தோம் அல்லது அன்றே வெட்டினோம். வெட்டுவது முக்கியம். கெட்ட கேபிளை முழுசாக ஓரமாக வைத்தால் அது எப்படியாவது நல்ல கேபிளோடு போய்ச் சேர்ந்துகொள்ளும்.

பிறகு வந்தது பெரிய சண்டை. பழைய முறையில் ஒரே ஜாதிச் சாமான் ஒரு பெட்டி. மைக் கேபிள் எல்லாம் ஒன்றில், ஸ்டாண்டு எல்லாம் ஒன்றில், பவர் கார்டு எல்லாம் ஒன்றில். பார்க்க ஒழுங்காக இருக்கும், எண்ணவும் சுலபம். ஆனால் மேடையில் டிரம்ஸுக்கு மைக் கட்ட வேண்டும் என்றால் நாலு பெட்டி திறக்க வேண்டும். கழற்றும்போது அந்த நாலு பெட்டியும் நாலு மூலையில் இருக்கும், அப்புறம் கையில் இருப்பதைப் பக்கத்துப் பெட்டியில் போடுவார்கள். நான் சொன்னது, பெட்டியைச் சாமானின் பெயரால் பிரிக்காமல் அது திறக்கப்படும் இடத்தின் பெயரால் பிரிப்போம் என்று. மேடை, டிரம்ஸ், கன்சோல் (மிக்சர் இருக்கும் இடம்), லைட், எல்இடி வால், ஜெனரேட்டர். டிரம்ஸ் பெட்டியில் அதற்குரிய மைக், கிளாம்ப், சின்ன ஸ்டாண்டு, கேபிள், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் இருக்கும். பெட்டி டிரம்ஸுக்குப் பின்னால் போய் நிற்கும், அங்கேயே திறக்கும், அங்கேயே மூடும்.

லைட் பார்க்கும் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. “சின்ன ப்ரோக்ராமுக்கு டிரம்ஸே இல்ல, அந்தக் கேபிள் சும்மாதான கெடக்கும்?” என்றார். நியாயமான கேள்வி. இந்த முறைக்குக் கேபிள் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், அதை மறைக்க முடியாது. நாங்கள் பத்து மைக் கேபிள் புதிதாக வாங்கினோம். ‘உபரி’ என்று ஒரு பெட்டி மட்டும் பழைய முறையில், ஜாதிவாரியாக வைத்தோம். அவசரத்துக்கு எடுப்பது அதிலிருந்து மட்டும்.

மைக் கேபிளும் லைட் கேபிளும் கலந்துபோவது இன்னொரு பழைய நோய். நம் ஊரில் வருகிற மூவிங் ஹெட், பார் லைட் பெரும்பாலும் மூன்று பின் டிஎம்எக்ஸ். லைட்டுகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் சிக்னல்தான் டிஎம்எக்ஸ். டிஎம்எக்ஸின் முறையான கனெக்டர் ஐந்து பின். ஆனால் மூன்று பின்தான் மலிவு, பழக்கமும் அதுதான். மூன்று பின் என்றால் மைக் கேபிள் அப்படியே பொருந்தும், அதுதான் வினை. டிஎம்எக்ஸ் போவது நொடிக்கு 250 கிலோபிட் வேகத்தில், அதற்கு 120 ஓம் கேபிள் வேண்டும். சாதாரண மைக் கேபிளில் அந்தச் சிக்னல் முனையில் முட்டித் திரும்பும், கடைசி லைட் தானாகச் சிமிட்டும். சாமி வந்த மாதிரி ஆடும் லைட்டைப் பார்த்து லைட்டைக் கழற்றி நோண்டுவார்கள், கோளாறு கேபிளில் இருக்கும். தலைகீழாக, டிஎம்எக்ஸ் கேபிளில் மைக் ஓட்டினால் ஒன்றும் ஆகாது. ஆகவே கடன் ஒரு பக்கம் மட்டும்: லைட் பெட்டியிலிருந்து சவுண்ட் வாங்கலாம், சவுண்டிடமிருந்து லைட் வாங்கக் கூடாது. டிஎம்எக்ஸ் கனெக்டர்களின் பின்பக்க ரப்பரை எல்லாம் ஊதா நிறமாக மாற்றினோம். பெரிய வேலை இல்லை, ஆனால் ஒரு மூட்டை கனெக்டரைத் திருகித் திறக்கும் பொறுமை வேண்டும்.

முனையில் என்ன எழுதுவது

லேபிள் இரண்டு முனையிலும் இருக்க வேண்டும், கனெக்டரிலிருந்து நாலு விரல் தள்ளி. ஒட்டினால் கை பிடிக்கும் இடம் அதுதான் என்பதால் தேய்ந்துபோகும். அதனால் பிரின்ட் எடுத்த டேப்பைச் சுற்றி, மேலே நிறமில்லாத ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போட்டுச் சூடு காட்டினோம். இதில் ஒரு சங்கடம். குழாய் கனெக்டரைத் தாண்டி உள்ளே போக வேண்டுமே. பாதியாகச் சுருங்கும் சாதாரணக் குழாய் கனெக்டரைத் தாண்டும் அளவுக்குப் பெரிதாக இருந்தால் கேபிளை இறுக்காது. ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யவில்லை. எந்தக் கேபிள் ரிப்பேருக்குக் கனெக்டர் கழற்றப்படுகிறதோ அன்றே உள்ளே குழாயை நுழைத்துவிடுவோம். வார்ப்பாகவே வரும் பவர் கார்டுகளுக்கு வேறு லேபிள். எழுத்துப் பாகத்தைச் சுற்றி அதன் மிச்ச வால் பாகம் கண்ணாடி மாதிரி மேலே சுற்றிக்கொள்ளும்.

எழுதுவது மூன்றே விஷயம்: பெட்டி நம்பர், கேபிள் நம்பர், நீளம். ‘4 – 07 – 10 மீ’ என்றால் நாலாம் பெட்டி, ஏழாவது கேபிள், பத்து மீட்டர். எண் எல்லோருக்கும் தெரியும், பீகார்க்காரருக்கும். வாங்கிய தேதி, கம்பெனி, சீரியல் நம்பர் எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கட்டும்.

நீளத்துக்கு நிறம் வேண்டாம், வளையம் போதும் என்று முடிவு செய்தது லைட் அண்ணன். எனக்கு இது தோன்றவே இல்லை. “மேடையில நீல லைட்டு எரியும்போது ஒங்க ஆரஞ்சு கறுப்பாத்தான் தெரியும்” என்றார். சோதித்துப் பார்த்தோம், உண்மை. ஆகவே ஐந்து மீட்டருக்கு ஒரு வளையம், பத்துக்கு இரண்டு, இருபதுக்கு மூன்று. வளையமும் ஹீட் ஷ்ரிங்க்தான், கொஞ்சம் மேடாக இருக்கும். இருட்டில் விரலால் தடவினாலே நீளம் தெரியும்.

எல்இடி வாலுக்குப் போகும் ஐம்பது மீட்டர் ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிளுக்குத் தனி மரியாதை. அது ஒருவழிப் பாதை. ஒரு முனையில் சோர்ஸ், மறுமுனையில் டிஸ்ப்ளே என்று மிளகு அளவு எழுத்தில் போட்டிருப்பார்கள். தலைகீழாகப் போட்டால் படம் வராது, கேபிள் கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். ஒரு தடவை மொத்தக் கார்பெட்டையும் தூக்கி அதைத் திருப்பிப் போட்டிருக்கிறோம், மாப்பிள்ளை அழைப்பு வாசலில் நிற்கும்போது. இப்போது ஒரு முனையில் அட்டையில் லேப்டாப் படம், மறுமுனையில் டிவி படம்.

பெட்டிக்குள்

பெட்டி மூடியின் மேல் எழுதுவதை நிறுத்தினோம். அடுக்கினால் மேல்பக்கம் தெரியாது. இரண்டு குறுகிய பக்கங்களில், அரையடி உயர எண். எண்ணுக்கும் ஒரு வேலை கொடுத்தோம்: அது வண்டியில் ஏறும் வரிசை. எங்களுடையது டாடா ஏஸ், குட்டியானை. ஒன்று, இரண்டு என்று கனமான ஆம்ப் ரேக்குகள் டிரைவர் பக்கம் முதலில் ஏறும். பவர் பெட்டி கடைசி எண், கடைசியாக ஏறும், முதலில் இறங்கும். எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் தேடுவது பவரைத்தான். வண்டிக் கதவைச் சாத்தும்போது ஒரு எண் விட்டிருந்தால் எண்ணிப் பார்க்கிற யாருக்கும் தெரியும்.

மூடியின் உள்பக்கம் லிஸ்ட்டைக் கிழித்துவிட்டு ஒரு போட்டோ ஒட்டினோம், லேமினேட் செய்து. சரியாக அடுக்கிய பெட்டியை மேலிருந்து எடுத்த படம். மூலையில் பெரிதாக மொத்த எண்ணிக்கை. ரீலுக்கு மட்டும் முனையின் படமும் தனியாக இருக்கிறது, அந்த உலோகக் கூடு தெரிகிற மாதிரி.

கார்ட்லெஸ் மைக் பெட்டிக்கு மட்டும் செலவு செய்தோம். அடியில் மஞ்சள் ஃபோம், மேலே கறுப்பு ஃபோம். கறுப்பில் ஒவ்வொரு மைக்குக்கும் அதன் உருவத்தில் குழி வெட்டியது. மைக் இருந்தால் பெட்டி முழுக்கக் கறுப்பு. ஒன்று இல்லை என்றால் அந்த இடம் மஞ்சளாகப் பல்லை இளிக்கும்.

கேபிள் சுற்றும் முறையை மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே கயிறு மாதிரி சுற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு உள்ளே ஏறும். நாள்பட உள்ளே ஒயர் உடையும், அடுத்த நாள் விரிக்கும்போது சுருண்டு நிற்கும். ஒரு சுற்று நேராக, அடுத்தது உள்பக்கமாகத் திருப்பி என்று மாற்றி மாற்றிச் சுற்றினால் முறுக்கு கழிந்துவிடும். லோடு ஏற்ற வந்த பையன் ஒருவன் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டான். ஓனர் அண்ணன் இன்னும் முழங்கையில்தான் சுற்றுகிறார்.

ஓடிப் பார்த்தது

தையிலிருந்து இந்த முறையில் ஓடுகிறது. சரியாக வராததும் உண்டு. ஒவ்வொரு பெட்டிக்கும் கியூஆர் ஒட்டி மொபைலில் ஸ்கேன் செய்யலாம் என்று ஆசைப்பட்டேன். ராத்திரி ஒரு மணிக்கு வேர்த்த கையோடு, சார்ஜ் இல்லாத போனில், சிக்னல் இல்லாத ஊரில் ஒருவரும் ஸ்கேன் செய்யவில்லை. இரண்டாவது வாரமே விட்டுவிட்டோம். பக்கத்துக் கடையிலிருந்து வாடகைக்கு எடுக்கும் சாமான் இப்போதும் எங்கள் பெட்டிக்குள் புகுந்துகொள்கிறது. அதற்கு ஒரு வலைப்பை வைத்தோம். உள்ளே இருப்பது தெரியும், வெளியாள் சாமான் எல்லாம் அதற்குள், வண்டியில் முன் சீட்டில். பாதி நாள் வேலை செய்கிறது.

இந்த வைகாசியில் மறுபடி அதே மண்டபம். மணி ஒன்றேகால். நான் கன்சோல் பெட்டியை மூடிக்கொண்டிருக்கிறேன். பீகார்ப் பையன் கார்ட்லெஸ் பெட்டியைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, “அண்ணா, ஏக் கம்” என்றான், ஒன்று குறைகிறது என்று. ஒரு இடத்தில் மஞ்சள். மேடை, மணமகள் அறை, கார் நிற்கும் இடம் எல்லாம் பார்த்தாயிற்று. வண்டி டிரைவர் ஹாரன் அடிக்கிறார். பையன் மூடியை மூட மறுத்துவிட்டான். கடைசியில் டைனிங் ஹாலில், பாயச அண்டாவுக்குப் பக்கத்தில் இருந்தது. தொகுப்பாளர் பந்திக்கு ஆள் கூப்பிட எடுத்துப் போய் அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். கிரில்லில் ஒரு முந்திரிப் பருப்பு ஒட்டியிருந்தது.

பதினாலாம் பெட்டி மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. எந்த இடத்துக்கும் சேராத அடாப்டர், யாருடையது என்று தெரியாத ரிமோட், அந்த சிசிடிவி ரீல் எல்லாம் அதற்குள். போட்டோ எடுத்து ஒட்டலாம் என்று பார்த்தால் ஒவ்வொரு தடவையும் உள்ளே வேறு வேறாக இருக்கிறது. அதைப் பரப்பிப் பார்க்க அடுத்த மார்கழி வர வேண்டும்.